தட்டில் எத்தனை இட்லி? ஓபன்சிவி தொடங்க வழி கேட்டு ஓர் இழை

9 ஜூன் 2024. கேள்வி: 90 அடி ரோட்டுக்காரன், தாராவி

அண்ணாச்சிமாரே, பி.காம். முடிச்சிருக்கேன். பைதான் ஓரளவு வரும், லூப், ஃபங்ஷன் வரைக்கும். எங்க மாமாவுக்கு இட்லி வியாபாரம். விடியக்காலம் சைக்கிள்காரங்க தட்டுத் தட்டா எடுத்துட்டுப் போவாங்க. யார் எத்தனை எடுத்தாங்கன்னு தினமும் ஒரு தகராறு. போன்ல போட்டோ எடுத்தா எண்ணிச் சொல்ற மாதிரி ஒண்ணு செய்யலாம்னு நினைக்கேன். படத்தை அலசுற ஓபன்சிவி நூலகத்தைப் படிக்கணுமா, நேரா பொருளை அடையாளம் காணுற யோலோ மாடலுக்குப் போயிரணுமா? யூடியூப்ல எதைத் திறந்தாலும் முகத்தைச் சுத்திப் பச்சைக் கட்டம் போடுறதுலதான் ஆரம்பிக்காங்க. எனக்கு முகம் வேண்டாம், இட்லி போதும்.

10 ஜூன் 2024, இரவு. பதில்

யோலோவை இப்போதைக்கு மூட்டை கட்டி வை. ஆயத்தமாகக் கிடைக்கும் மாடல்கள் பெரும்பாலும் கோகோ என்ற படத் தொகுப்பின் 80 வகைப் பொருட்களில் பழகியவை. அதில் பீட்சா உண்டு, டோனட் உண்டு, கேக் உண்டு. இட்லி இல்லை. நீயே படம் எடுத்து, ஒவ்வொரு இட்லியைச் சுற்றியும் கட்டம் வரைந்து, அதற்குப் பழக்க வேண்டும். ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே வடிவம் உள்ள பொருளை எண்ண அவ்வளவு பாடு தேவையில்லை.

நான் நவி மும்பையில் மாத்திரை அட்டைகளைக் கேமராவால் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். எந்தக் குழியில் மாத்திரை இல்லை, எது உடைந்திருக்கிறது என்று பார்ப்பது. வெள்ளை மாத்திரை, பளபளக்கும் ஃபாயில். உன் வெள்ளை இட்லியும் எவர்சில்வர் தட்டும் எனக்குப் பழகின தலைவலிதான்.

பைதானின் பொதி நிறுவியான பிப் வழியாக 'ஓபன்சிவி-பைதான்' மட்டும் நிறுவு. பக்கத்திலேயே 'கான்ட்ரிப்', 'ஹெட்லெஸ்' என்று இன்னும் சில பொதிகள் நிற்கும். எல்லாமே உள்ளே 'சிவி2' என்ற ஒரே பெயரில்தான் குடியேறும். இரண்டை நிறுவினால் ஒன்றை ஒன்று மிதிக்கும். ஒன்று போதும்.

முதல் நிரல் மூன்று வரி. படத்தை இம்ரீட் கொண்டு வாசி, ஷேப்பை அச்சிடு, நிறுத்து. 12 மெகாபிக்சல் போனாக இருந்தால் 3000, 4000, 3 என்று வரும். உயரம், அகலம், நிறத்துக்கு மூன்று எண். பெருக்கிப் பார்: மூன்று கோடியே அறுபது லட்சம் எண்கள், எல்லாமே 0 முதல் 255-க்குள். படம் என்பது இவ்வளவுதான். இது மண்டையில் ஏறாமல் அடுத்த பாடத்துக்குப் போகாதே.

11 ஜூன் 2024

'ஷேப் இல்லைன்னு பிழை வருது' என்றாய். ஃபைல் பாதை தப்பு. இம்ரீட்டின் கெட்ட குணம் இது: ஃபைல் கிடைக்காவிட்டால் கத்தாது, வெற்று மதிப்பைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். நாலு வரி தள்ளி வேறொரு கட்டளை உதை வாங்கும், நீ அங்கே போய்த் தேடிக்கொண்டிருப்பாய். வாசித்த அடுத்த வரியிலேயே வெற்றா என்று சோதித்துவிடு.

11 ஜூன் 2024, கொஞ்சம் கழித்து

ஷேப் உயரத்தை முதலில் சொல்லும். படத்தின் அளவை மாற்றும் ரீசைஸ் அகலத்தை முதலில் கேட்கும். இட்லி முட்டை வடிவில் நசுங்கித் தெரிந்தால் காரணம் அதுதான், மாவு இல்லை.

12 ஜூன் 2024

சாம்பார் ஏன் நீலமாகத் தெரிகிறது என்று இன்னொருவர் இடையில் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இட்லியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியவே தெரியாது. வெள்ளைக்கு மூன்று எண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான், எந்த வரிசையில் போட்டாலும் வெள்ளை.

ஓபன்சிவி நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைக்கும். படம் வரைந்து காட்டும் மேட்பிளாட்லிப் நூலகம் உள்ளிட்ட பலவும் சிவப்பிலிருந்து தொடங்கும். இங்கே வாசித்து அங்கே காட்டினால் சிவப்பும் நீலமும் இடம் மாறும். ஏன் இந்தக் கோணல் வரிசை? இந்த நூலகம் 1999-ல் இன்டெலுக்குள் கேரி பிராட்ஸ்கி தொடங்கியது. விண்டோஸ் பிட்மேப் ஃபைல்களில் அப்போதே பிஜிஆர், அதாவது நீலம் முதலில் வரும் இந்த வரிசைதான். அந்தக் காலத்துக் கேமராக்களும் மென்பொருட்களும் அதையே பின்பற்றின. பிறகு மாற்றினால் உலகத்தில் உள்ள நிரல்களெல்லாம் உடையும் என்பதால் அப்படியே நின்றுவிட்டது. காட்டுவதற்கு முன் சிவிடிகலர் கொண்டு சிவப்பு முதலில் வரும் ஆர்ஜிபிக்கு மாற்று, சாம்பார் சாம்பாராகும்.

14 ஜூன் 2024

தம்பி அனுப்பிய முதல் படம் பார்த்தேன். நிரலைத் தொடாதே. முதலில் தட்டை மாற்று.

படத்தில் எவர்சில்வர் தட்டு, தலைக்கு மேல் ட்யூப்லைட், போனின் ஃபிளாஷ் வேறு. தட்டில் ட்யூப்லைட்டின் பிம்பம் விழுந்த இடத்தில் எண் 255. இட்லியின் உச்சியிலும் 255. இரண்டும் ஒரே எண் ஆனபிறகு எது இட்லி எது பிம்பம் என்று எந்த அல்காரிதமும் பிரிக்காது; தகவல் அங்கேயே செத்துவிட்டது. எங்கள் தொழிற்சாலையில் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் வாரக்கணக்கில் நிரலோடு மல்லுக்கட்டுவார்கள். விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் முடிந்துபோகும் காரியமாக இருக்கும். ஃபாயிலுக்கு நாங்கள் கவிகை போன்ற ஒரு விளக்குக் கூண்டு வைத்திருக்கிறோம், ஒளி உள்சுவரில் பட்டுத் திரும்பி எல்லாப் பக்கமிருந்தும் சமமாக விழும். நீ அதை வாங்க வேண்டாம். ஃபிளாஷை அணை. விளக்கை நேராகத் தட்டில் காட்டாமல் வெள்ளைத் தெர்மக்கோல் பலகையில் அடித்துத் திருப்பு. அடுப்புப் பக்கம் வைக்காதே, உருகித் தொலையும்.

இனி தட்டு. உணவுக்கு ஏற்ற கரு நீல பிளாஸ்டிக் தட்டு ஒன்று, பளபளப்பு குறைந்ததாக வாங்கு. படத்தை நிறம், செறிவு, வெளிச்சம் என்று பிரிக்கும் எச்எஸ்விக்கு மாற்றி, நடுவில் உள்ள எஸ் என்ற செறிவை மட்டும் எடு. மூன்று நிற எண்களில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, பெரியதால் வகுத்து, 255-ஆல் பெருக்கினால் செறிவு. இட்லியில் ஒரு புள்ளி 240, 238, 230 என்று இருந்தால் செறிவு 11 தான். நீலத் தட்டில் 40, 80, 180 என்றால் 198. பதினொன்றுக்கும் நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் கோடு கிழிக்கலாம். எவர்சில்வரில் 150, 150, 152 என்றால் செறிவு 3. இட்லிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது பார். தட்டு மாறணும் என்று ஏன் சொல்கிறேன் என்று இப்போது புரியும்.

15 ஜூன் 2024

வாழையிலை போட்டால் ஆகாதா என்று கேட்கிறார்கள். ஆகும், பச்சைக்கும் செறிவு உண்டு. ஆனால் நனைந்த இலையில் மினுமினுப்பு வரும். நரம்பு தெரியும். தினமும் ஒரே நிறத்தில் இலை வராது. மாட்டுங்காவில் இலை விற்கும் விலையைக் கேட்டால் மாமா உன்னை வீட்டைவிட்டுத் துரத்துவார்.

18 ஜூன் 2024

'நேத்து வரைக்கும் ஓடுச்சு, இன்னைக்கு இம்போர்ட்டே ஆகலை, நான் எதையும் தொடலை.' ஏதோ ஒரு பொதியைப் புதுப்பித்திருப்பாய். ஓபன்சிவி தன் எண்களை வைக்கும் நம்பை நூலகத்தின் 2.0 பதிப்பு இரண்டு நாளுக்கு முன், 16-ம் தேதி வந்தது. பழைய நம்பை 1-ஐ வைத்துக் கட்டப்பட்ட ஓபன்சிவி புதியதோடு ஒத்துப்போகாது. பிழைச் செய்தியிலேயே அது எழுதியிருக்கிறது, கடைசி வரியை மட்டும் படிக்காமல் மேலேயும் படி. ஒன்று நம்பையை 2-க்குக் கீழே இறக்கு, அல்லது ஓபன்சிவியைப் புதிதாக்கு. எதைச் செய்தாலும் இந்த வேலைக்கென்று மற்ற பொதிகளோடு கலக்காத தனி விர்ச்சுவல் சூழல் போட்டுக்கொள். நான் இதை முதல் நாளே சொல்வதில்லை, புதியவர்கள் அதற்குள்ளேயே சிக்கிக்கொண்டு படத்துக்கே வரமாட்டார்கள். இனி வேண்டும்.

20 ஜூன் 2024

கோடு எங்கே கிழிப்பது? 'ஓட்சு போடு, அதுவே கண்டுபிடிக்கும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நொபுயூகி ஓட்சு 1979-ல் சொன்ன முறை. படத்தின் எண்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தால் கூட்டங்களுக்கு இடையிலான விலகல் எங்கே அதிகம் என்று பார்த்து அங்கே வெட்டும். அழகான முறை. ஆனால் காலித் தட்டைக் காட்டிப் பார்த்தீர்களா? அப்போதும் வெட்டும். இரண்டு கூட்டம் இருந்தே ஆகவேண்டும் என்பது அதன் நம்பிக்கை. தட்டின் நிழல் ஒரு கூட்டம், வெளிச்சம் ஒரு கூட்டம் என்று பிரித்து, இல்லாத இட்லியை எண்ணிக் காட்டும். மாமா பணம் கேட்பார், சைக்கிள்காரர் அடிக்க வருவார்.

நான் செய்வது: ஆரம்பத்தில் பத்துப் பதினைந்து படங்களில் ஓட்சு என்ன எண் தருகிறது என்று மட்டும் பார்ப்பேன். விளக்கு மாறாத இடமென்றால் அந்த எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அதிலிருந்து ஒன்றை எடுத்து நிலையாக வைத்துவிடுவேன். எண்கள் அங்கும் இங்கும் ஓடினால் விளக்கைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. படத்தை வெளிச்சமாக்க ஒவ்வொரு எண்ணோடும் 10 கூட்டினாயாமே. நம்பையில் 250-உம் 10-உம் கூட்டினால் 4 வரும், 8 பிட் நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து சுற்றும். உச்சியில் கரும்புள்ளி விழுந்த இட்லிகளின் காரணம் அதுதான், பூஞ்சை இல்லை. சிவி2-வின் சொந்தக் கூட்டல் 255-ல் நின்றுவிடும்.

22 ஜூன் 2024

14-ம் தேதி செறிவு மட்டும் போதும் என்ற தொனியில் எழுதினேன். புதுப் படங்களைப் பார்த்தபிறகு ஒன்றைச் சேர்க்கிறேன். தட்டின் ஓரத்தில் நிழல் விழுந்த இடத்தில் செறிவு தறிகெட்டு ஆடுகிறது. மிக இருண்ட புள்ளியில் பெரிய எண்ணே 6, 7 தான். அதால் வகுத்தால் சின்ன இரைச்சல்கூட விடையைப் புரட்டிவிடும். ஆகவே 'செறிவு குறைவு, அதோடு வெளிச்சம் அதிகம்' என்று இரண்டு நிபந்தனை வை. இன்ரேஞ்ச் என்ற ஒரே கட்டளையில் இரண்டையும் சொல்லலாம்.

பிறகு ஓப்பனிங் ஒருமுறை ஓட்டு: முதலில் அரித்து, பின் விரிப்பது. சிதறிய பருக்கைகள் போய்விடும். மிஞ்சுகிற ஒவ்வொரு திட்டுக்கும் பரப்பளவு பார், ஒரு இட்லியின் பாதிக்கும் குறைவானதை ஒதுக்கு. நீலத் தட்டின் மேலே தப்பித்தவறி விழுந்த பளிச்சும் இதில் அடிபட்டுப் போகும்.

இட்லி 255, மற்றதெல்லாம் 0 என்று வரும் முகமூடிப் படத்தைச் சேமித்தால் பிஎன்ஜியில் சேமி. ஜேபெக் சுருக்கும்போது 0, 255 தவிர இடையில் 3, 249 என்று புது எண்களை விதைத்துவிடும்.

23 ஜூன் 2024

திட்டுகளின் ஓரக்கோட்டைத் தேடும் ஃபைண்ட்கான்டூர்ஸ் 'மூன்று மதிப்பு எதிர்பார்த்தேன், இரண்டுதான் வந்தது' என்கிறதா? பழைய பாடத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாய். ஓபன்சிவி 3-ல் மூன்று தரும், 2-லும் 4-லும் இரண்டு. பாடத்தைப் படிக்கும் முன் அது எந்த ஆண்டினது என்று பார்.

25 ஜூன் 2024

கேனி, ஹஃப் வட்டம் என்று ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. ஜான் கேனியின் விளிம்பு முறை 1986-லிருந்து உழைக்கிறது, எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. படத்தில் வட்டங்களைத் தேடும் ஹஃப் முறை நாணயத்துக்குப் பிரமாதம். இட்லி அச்சில் வார்த்ததுதான், ஆனாலும் ஓரம் பிய்ந்தது இருக்கும், போனைச் சாய்த்துப் பிடித்தால் வட்டமெல்லாம் நீள்வட்டமாகும். ஆறேழு எண்களைத் திருகித் திருகி ஒரு படத்துக்குச் சரிசெய்தால் அடுத்த படத்தில் கவிழும். நான் போகமாட்டேன். போகிறவர்களைத் தடுக்கவும் மாட்டேன்.

சாய்வுக்கு நாலு மூலையைக் கொடுத்து நேராக்கும் பெர்ஸ்பெக்டிவ் மாற்றம் இருக்கிறதே என்றார் ஒருவர். தாளுக்குச் சரி. இட்லிக்கு உயரம் உண்டு. தட்டின் தளம் நேராகும், முன்னால் இருக்கும் இட்லி பின்னால் இருப்பதை மறைத்தது மறைத்ததுதான். போனைத் தட்டுக்கு நேர் மேலே ஒரு ஸ்டாண்டில் மாட்டிவிடு.

27 ஜூன் 2024

ஒட்டிக்கொண்ட இட்லிகள். எல்லாரும் காத்திருந்த இடம்.

இரண்டு இட்லி தொட்டுக்கொண்டால் ஒரே திட்டு. புத்தக வழி இது: டிஸ்டன்ஸ் டிரான்ஸ்ஃபார்ம் போட்டால் திட்டுக்குள் ஒவ்வொரு புள்ளியும் ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று வரும். இட்லியின் நடுவில் அதிகம், ஒட்டிய இடுப்பில் குறைவு. உச்சிகளை மட்டும் வெட்டி எடுத்தால் தனித்தனித் தீவுகள். எண்ணுவதற்கு அதுவே போதும். ஒவ்வொன்றின் எல்லையும் வேண்டுமென்றால் அந்தத் தீவுகளை விதையாக வைத்து எல்லை வரை வளர்க்கும் வாட்டர்ஷெட் முறை. ஓபன்சிவி ஆவணத்தின் நாணயப் பாடத்தில் உச்சியை வெட்ட அதிகபட்சத்தின் 0.7 மடங்கு எடுத்திருப்பார்கள். அது எல்லாம் ஒரே அளவாக இருக்கும்வரை ஓடும். மாமா ஒரே தட்டில் பெரிய இட்லியும் மினி இட்லியும் வைத்தால் மினி மொத்தமும் காணாமல் போகும்.

சோம்பேறி வழியும் உண்டு. தனியாக நிற்கும் இட்லிகளின் பரப்பளவில் நடு மதிப்பை எடு, ஒட்டிய திட்டின் பரப்பை அதால் வகுத்து முழு எண்ணாக்கு. தொழிற்சாலையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். உன் தட்டுக்கு நான் இதைத்தான் முதலில் போடுவேன், பிழை எங்கே வருகிறது என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.

28 ஜூன் 2024

'ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால்?' கேமராவுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. மேலிருந்து பார்க்கிற எவனுக்கும் தெரியாது.

'எடை மெஷின்ல வச்சா ஆச்சே, எதுக்கு இவ்வளவு?' இதை எழுதியவர் கணக்குப்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டப்பாவில் அடுக்கி அனுப்புவதற்கு எடைதான் சரி. ஆனால் சூடு ஆற ஆற ஆவி போய் எடை குறையும், துணியில் வெந்ததற்கு ஈரம் கூட. நூறு இட்லியில் ஒன்றிரண்டு குறைவதை எடை காட்டிக்கொடுக்காது. பரப்பிய தட்டுக்குப் படம், அடுக்கிய டப்பாவுக்கு எடை என்று வைத்துக்கொள். தம்பி படிக்கத்தான் வந்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

2 ஜூலை 2024

இது தமிழர்களுக்கான வில்லங்கம், இந்தியிலும் மராத்தியிலும் எழுதுகிறவர்களுக்கும் உண்டு.

ஒன்று: விண்டோஸில் 'இட்லி படங்கள்' என்று தமிழில் ஃபோல்டர் பெயர் வைத்தால் இம்ரீட் பெரும்பாலும் திறக்காது, வழக்கம்போல வெற்று மதிப்பைக் கொடுத்துவிட்டு நிற்கும். நம்பையின் ஃப்ரம்ஃபைல் கொண்டு பைட்டுகளாக வாசித்து இம்டிகோடிடம் கொடு, திறக்கும். லினக்ஸில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டு: படத்தின்மேல் 'மொத்தம்' என்று எழுத புட்டெக்ஸ்ட் போட்டால் கேள்விக்குறிகளாக வரும். அதில் இருப்பவை ஹெர்ஷி எழுத்துருக்கள், கோடுகளால் வரையும் ஆங்கில எழுத்து மட்டும். படங்களைக் கையாளும் பில்லோ நூலகத்துக்கு மாறி, ஒரு தமிழ் எழுத்துருவைக் கொடுத்து எழுதலாம். அங்கேயும் ஒரு பள்ளம்: பில்லோவின் அடிப்படை அடுக்கு எழுத்துகளை வந்த வரிசையில் வைத்துக்கொண்டே போகும். 'மொ' என்பதில் கொம்பு மகரத்துக்கு முன்னால் போக வேண்டும் என்று அதற்குத் தெரியாது. ராக்ம் என்ற அடுக்கு இருந்தால்தான் சரியாக வரும், அது ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நூலகத்தின் துணையோடு எழுத்தை ஒழுங்காகக் கோக்கும். உன் பில்லோவில் ராக்ம் இருக்கிறதா என்று ஃபீச்சர்ஸ் வழியாகக் கேட்டுப் பார்க்கலாம். பில்லோ ஆர்ஜிபி என்பதால் போகும்போதும் வரும்போதும் நிறம் மாற்ற மறக்காதே, 12-ம் தேதி சாம்பாரை நினைத்துக்கொள்.

4 ஜூலை 2024

பழக எந்தப் படம் நல்லது என்று கேட்டவருக்கு: உங்கள் வீட்டுப் படம். பழைய பாடங்களில் தொப்பி போட்ட ஒரு பெண்ணின் படம் திரும்பத் திரும்ப வருமே, லெனா, அது 1972 நவம்பர் பிளேபாய் இதழிலிருந்து வெட்டியது. அந்தப் படம் உள்ள கட்டுரைகளை ஐட்ரிபிள்ஈ கம்ப்யூட்டர் சொசைட்டி என்ற கணினித் துறைச் சங்கம் 2024 ஏப்ரல் 1 முதல் ஏற்பதில்லை. நல்ல காரியம். போக, உங்கள் தட்டைப் பற்றி அந்தப் படம் உங்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கும்?

8 ஜூலை 2024

ராத்திரி முழுக்க மழை, ரயில் தடுமாறுகிறது, வீட்டிலேயே இருக்கிறேன். அதனால் கேள்விக்கெல்லாம் பதில்.

ஐபோன்காரர் அனுப்பிய ஃபைலை இம்ரீட் திறக்கவில்லை என்றால் அது எச்ஈஐசி என்ற பட வடிவம். போன் அமைப்பில் ஜேபெக்குக்கு மாற்றச் சொல். படம் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தால்: போன் எப்படிப் பிடிக்கப்பட்டது என்ற குறிப்பு ஃபைலுக்குள் இருக்கும். இம்ரீட் அதைப் பார்த்துத் தானே நிமிர்த்தும், பில்லோ நாம் சொன்னால்தான் நிமிர்த்தும். இரண்டையும் கலந்து பயன்படுத்தினால் ஒன்று நின்றும் ஒன்று படுத்தும் இருக்கும்.

காலை நாலு மணிப் படங்கள் எல்லாம் புகைமூட்டமாக இருக்கின்றன என்றாய். ஆவி லென்ஸில் படிகிறது. கூர்மை கூட்டும் ஃபில்டரைத் தேடிப் போகாதே. துணியால் துடை, தட்டை அடுப்பிலிருந்து நாலடி தள்ளி வை.

14 ஜூலை 2024

தம்பி எழுதியது: எண்ணிக்கையைத் திரையில் காட்டியபோது சைக்கிள்காரர்கள் நம்பவில்லை, 'மிஷின் உங்க பக்கம்தான் பேசும்' என்றார்களாம். ஒவ்வொரு இட்லியின் மேலும் 1, 2, 3 என்று எண்ணை எழுதிக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் ஒரு இட்லிக்கு எண் விழாததைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். ஓரத்தில் பாதி வெளியே போன தட்டு. ஸ்டாண்டை நகர்த்தினால் சரியாகும். அந்த மனிதரைக் கூடவே வைத்துக்கொள், எங்கள் தொழிற்சாலையில் அப்படி ஒரு கண்ணுக்குத் தனிச் சம்பளம்.

15 ஜூலை 2024

மாமா கேட்கிறாராம், வடையையும் எண்ணுமா என்று. எண்ணும், இரண்டு திருத்தம். வடைக்கும் செறிவு உண்டு, நீலத் தட்டுக்கும் உண்டு, அதனால் செறிவு இங்கே உதவாது. ஹியூ என்ற நிற எண்ணுக்குப் போ. ஓபன்சிவியில் அது 360 வரை போகாது, 8 பிட்டில் அடங்கப் பாதியாக்கி 0 முதல் 179 வரை. பொன்னிற வடை 10, 20 பக்கம் வரும், நீலம் 100-க்கு மேலே, நல்ல இடைவெளி. அடுத்து, கான்டூர் தேடும்போது 'எக்ஸ்டெர்னல்' என்று கொடு. 'லிஸ்ட்' என்று கொடுத்தால் வெளி ஓரம் ஒன்று, ஓட்டை ஒன்று என்று ஒரு வடைக்கு இரண்டு கணக்கு வரும். மாமாவிடம் இதைச் சொல்லாதே, 'லிஸ்ட்'டே இருக்கட்டும் என்பார்.